ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டில் எனக்கும் ஒரு கூறு

என்னுடைய நான்காவது கடையை மூடிவிட்டேன். போன மாதம் பதினைந்தாம் தேதி, பட்டப்பகலில், ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியைக் கட்டடக்காரர் கையில் கொடுத்துவிட்டு, நடந்து வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நாணயம். ஏனென்றால், 'வளர்ச்சிச் செம்மல்' என்று பொன்னெழுத்தில் பொறித்த கேடயம் ஒன்று இந்த மேசைமேல் பளபளத்துக்கொண்டிருக்கிறது. அதன் கீழே என் பெயர் இருக்கிறது. கொடுத்த பிறகு விஷயம் தெரிந்து சங்கத்தார் சங்கடப்படக் கூடாது. கடை மூன்றாகிவிட்டது, லாரி ஒன்றாகிவிட்டது. இப்போதும் கொடுப்பீர்களா, தலைவரே? ... தலையாட்டுகிறார். கேடயத்திலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை!

சரி. இனி முறைப்படி.

கேடயத்தைக் காத்தபடி வீற்றிருக்கும் அவைத் தலைவர், எங்கள் கிந்தா பள்ளத்தாக்குக் காய்கறி மளிகை வணிகர் சங்கத்தின் தூண், அண்ணன் தனேஸ்வரன் அவர்களே! விடியுமுன் பாசார்ச் சந்தைக்கு வந்து, வெயில் ஏறுமுன் விற்று முடித்து, விழுகிற கண்ணிமையை விரலால் தூக்கிப் பிடித்தபடி இங்கே வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! கடையில் நின்று, கல்லாவில் நின்று, அடுப்படியிலும் நின்று, இன்று ஒரு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! இருபத்தைந்து வருடமாக என் வாழையிலையில் சோறு போட்டு, என்னையும் சோறு சாப்பிட வைத்திருக்கும் உணவகக்காரர், முன்வரிசை முத்து, அப்துல் நாசர் பாய் அவர்களே! ஆயர் தாவாரிலிருந்து வேன் பிடித்து வந்து, மூன்றாம் வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட சுங்கை கெனாரித் தோட்டத்து மக்களே! கடைசியில் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று தெரிந்தும் கடைசியில் சொல்கிறேன், என் மனைவி புஷ்பலதா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பத்துமலையின் பணிவான வணக்கம்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. பாரிட் புந்தார் பக்கத்து ரப்பர்க்காட்டில் பிறந்தவன். ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கறிவேப்பிலைக் கட்டை வைத்து, வீடு வீடாக விற்றுத் தொடங்கியவன். சாப்பிடுகிறவன் கறிவேப்பிலையைத் தட்டோரமாகத் தள்ளிவிடுகிறான். அந்தத் தட்டோரத்திலிருந்து எழுந்து வந்தவன் நான். பிறகு முருங்கைக்காய், பிறகு வாழையிலை, பிறகு ஈப்போவில் முதல் கடை, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் திறக்கும்போது ரிப்பன் வெட்டினோம், படம் பிடித்தோம், பத்திரிகையில் போட்டோம். மூடும்போது யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆனால் அன்பர்களே, திறந்தபோது எனக்கு வராத தூக்கம், மூடியபோது வந்தது. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

சுங்கை கெனாரித் தோட்டம் உங்களில் பலருக்குத் தெரியாது. ஆயர் தாவாரிலிருந்து லூமுட் போகிற வழியில் உள்ளே திரும்ப வேண்டும். முன்பு ரப்பர், பிறகு எண்ணெய்ச் செம்பனை, பிறகு நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. முப்பத்திரண்டு குடும்பங்கள் பக்கத்திலேயே சொந்த வரிசை வீடுகளில் இருக்கின்றன. சிலருக்குத் தொழிற்சாலை வேலை, சிலருக்கு லாரி, சிலருக்குச் செம்பனைக் குலை வெட்டு. ஆற்றோரமாக ஒன்பது ஏக்கர் கேட்பாரற்றுக் கிடந்தது. அதில் அவர்கள் வாழை, முருங்கை, கத்தரி, கீரை என்று பதினைந்து வருடமாகப் பயிர் வைத்தார்கள்.

பயிர் வைப்பது அதிசயமில்லை. பங்கு போடுவதுதான் அதிசயம்.

தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் 'பெரட்டு' தெரியும். இருட்டோடு தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கர், கிராணி, பெயரைக் கூப்பிடுவார். இருக்கிறேன் என்று குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. என் தாயார் ஒரு நாள் காய்ச்சலில் குரல் எழும்பாமல் நின்றார். ஆள் நிற்கிறது, குரல் வரவில்லை, பெயரை அடித்துவிட்டார்கள். இன்றைக்கும் பெரட்டு என்று யாராவது சொன்னால் என் முதுகு தானாக நிமிரும்.

சுங்கை கெனாரியில் ரப்பர் போனது, கிராணி போனார், பெரட்டு மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அதே தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அந்த வாரம் பறித்ததையெல்லாம் களத்தில் கொட்டி, முப்பத்திரண்டு கூறு வைப்பார்கள். அங்கே மூத்தவரான இருளாயி அக்கா பெயர் கூப்பிடுவார். வேலை செய்தவனுக்கும் ஒரு கூறு, செய்ய முடியாதவனுக்கும் ஒரு கூறு. ஜொகூருக்கு லாரி ஓட்டிப் போனவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். கூறு போட்டவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். ஆகவே எந்தக் கூறும் இளைத்திருக்காது. எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சுகிற இலையும் காயும் எனக்கு விலைக்கு வரும்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அந்த ஒன்பது ஏக்கர் விலைக்கு வந்தது. நான் வாங்கினேன்.

வாங்கியதும் என்ன செய்தேன்? அறிவாளி அல்லவா, ஒரு மின்தராசு கொண்டுபோய்க் களத்தின் நடுவில் வைத்தேன். "இனிமே பெரட்டு வேணாம். பேரு வேணாம், கூறு வேணாம். யாரு எவ்ளோ கொண்டாறீங்களோ, கிலோவுக்கு இவ்ளோன்னு கையில காசு" என்றேன். அவர்களுக்கு விடுதலை கொடுப்பதாகவே நினைத்தேன். என் அம்மாவின் பெயரை அடித்த அந்தக் கிராணியை அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்தேன். தோட்டத்தில் பிறந்தவன்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். வெளியே பிறந்தவனாக இருந்தால், இதென்ன வழக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். நான் கேட்கவே இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

வளர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், விறுவிறுவென்று வளர்ந்தது! நான்கே மாதத்தில் இலை இரண்டு மடங்கு. நான்காவது கடை. இரண்டாவது லாரி. குளிரூட்டும் அறைக்குத் திட்டம். சங்கத்தில் என் பெயர் கேடயத்துக்குப் போனது.

கூடவே வேறு சிலவும் வளர்ந்தன. அடுத்தவன் வெட்டுமுன் நான் வெட்ட வேண்டும் என்ற அவசரம் வளர்ந்தது. குருத்து விரிந்து முடிவதற்குள் கத்தி வந்தது. வரப்புச் சண்டை வளர்ந்தது. காலையில் வெட்டி மதியத்துக்குள் விற்ற இலை, இரண்டு நாள் லாரியிலும் கடையிலும் கிடந்து கருத்தது. என் கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டி ஒன்று இருந்தது, மூன்றானது. கத்தரிக்காய் பயிரிடுகிறவன் அதை எனக்கு விற்றுவிட்டு, மினி மார்க்கெட்டில் வேறு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனான். அதுவும் என் கடையிலிருந்து போன கத்தரிக்காய்! அவன் வீட்டுப் பின்வாசலிலிருந்து ஈப்போவுக்குப் போய், மறுபடி அவன் வீட்டு முன்வாசலுக்கு வருகிறது. நடுவில் எண்ணெய் எரிகிறது, லாரி தேய்கிறது, காய் வாடுகிறது. இதற்குப் பெயர் வளர்ச்சியா? சிரிக்கிறீர்கள். நான் அதைச் செய்தவன். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் நாசர் பாய்.

"என்னாண்ணே, இலை வரவர வெத்தலை சைஸுக்கு வருது? கறிய ஊத்துனா மேசையில ஓடுது, மேசையிலேர்ந்து மடியில ஓடுது. நான் சாப்பாட்டுக் கடை நடத்தவா, சலவைக் கடை நடத்தவா?"

"இலை ஜாஸ்தியா வருது இல்ல பாய்? ரெண்டா போடுங்க லா" என்றேன்.

"ரெண்டு போட்டா ரெண்டு காசு வாங்குவீங்க. இதான் உங்க வியாபாரமா?" என்றார்.

இதோ, இப்போதும் அதே சிரிப்புச் சிரிக்கிறார் பாருங்கள்!

அந்த நேரத்தில்தான் தேவனுக்கு அடிபட்டது. மூன்றாம் வரிசை ஓரத்தில், நீலச் சட்டை போட்டிருக்கும் தம்பிதான் தேவன். செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை ஒன்று தோளில் விழுந்தது. எலும்பு முறிந்து, ஆறு மாதம் கையைத் தூக்க முடியாது. கூலி நின்றது. அவர் மனைவி சாந்தினி ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை, மூன்று பிள்ளைகள். பழைய பெரட்டாக இருந்தால் ஞாயிறுதோறும் கூறு போயிருக்கும். தராசுக்குத் தேவனைத் தெரியாது. மேலே எதையாவது வைத்தால்தானே அதற்கு ஆள் தெரியும்?

ஒரு ஞாயிறு. கையில் வெறும் பிளாஸ்டிக் கூடையோடு சாந்தினி களத்தில் நின்றார். கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது, கூப்பிட்டுக் கொடுத்தே பழகிய இடம் அது. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் தராசில் வைத்துக் காசு வாங்கினார்கள். யாரும் சாந்தினியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடுத்திருக்க வேண்டும், அதனால் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

அப்போது இருளாயி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றினார். தராசு மேல் ஏறி நின்றுவிட்டார்!

"எவ்ளோ காட்டுது, மொதலாளி தவுக்கே?"

"அக்கா, எறங்குங்க. கெட்டுப்போயிரும்."

"எது கெட்டுப்போவும்? படிச்சுச் சொல்லு."

"எழுபத்திரெண்டு."

"ஆங். எழுபத்திரெண்டு கிலோ. லாரியில ஏத்திக்க. ஈப்போவுல என்னா வெலைக்குப் போவேன்னு வித்துப் பாத்துட்டுச் சொல்லு."

களம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காதுவரை சுட்டது. "நான் ஒங்களைக் கிராணிகிட்டேர்ந்து காப்பாத்துனேன் அக்கா! பேரு கூப்பிட்டு ஆளை நிக்க வைக்கிறது அடிமைப் பழக்கம்!" என்று கத்தினேன்.

அக்கா தராசிலிருந்து இறங்கவில்லை. அங்கிருந்தே சொன்னார்: "அன்னைக்கு வேலை வாங்கப் பேரு கூப்பிட்டான். நாங்க ஆளு இருக்குதா, அடுப்பு எரியுதான்னு பாக்கக் கூப்பிடுறோம். எட்டு மாசமா தேவன் பேரை யாருமே கூப்பிடல. நீ காப்பாத்துனது யாரை?"

ஊர் முன்னால் தோற்றவன் என்ன செய்வான்? கோபப்படுவான். நானும் கோபப்பட்டேன். நிலம் என்னுடையது, இவர்களே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாதக் கடைசிக்குள் எல்லாரும் பயிரை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் தட்டச்சு செய்தேன். ஆள் வைத்து ஒரே பயிராக வாழை போட்டுவிடலாம் என்று கணக்கு. முப்பத்திரண்டு வீட்டின் அடுப்பும் அந்த ஒரு தாளில் இருந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு போனேன்.

தராசு நின்றது. தராசைச் சுற்றி ஓர் ஆள் இல்லை. லாரியோடு நான் மட்டும். ஏழரை ஆனது. தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால், என் எல்லைக்கு வெளியே, சாலையோரமாகத் தண்டவாளச் சத்தம். டங்... டங்... டங். என் முதுகு நிமிர்ந்தது. கால் தானாக நடந்தது.

சாலையோரப் புல்லில் கூறு வைத்திருந்தார்கள். காசு வேண்டாம், பெரட்டு போதும் என்று ஒரே வாரத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொன்றாகக் குரல் வந்தது. "தேவன்!" என்றார். தோளில் கட்டோடு நின்ற தேவன் இருக்கிறேன் என்று சொன்ன சத்தம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். முப்பத்திரண்டு பெயர் முடிந்தது. நோட்டீஸை எடுக்கப் பையில் கைவிட்டேன்.

"பத்துமலை!"

நான் நின்றேன். கை பையில் இருந்தது. என் தாயாருக்கு வராத குரல் எனக்கும் வரவில்லை.

"பத்துமலை!" இரண்டாம் முறை.

நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா ஒரு நொடி பார்த்தார். "ஆளு நிக்குது, கொரலுதான் வரல. பரவால்ல. அவனுக்கும் ஒரு கூறு வை" என்றார்.

அன்றைக்கு அந்தக் கிராணி செய்திருக்க வேண்டியதை, ஐம்பது வருடம் கழித்து இருளாயி அக்கா செய்தார். இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் பேச முடியாது, தண்ணீர் கொடுங்கள்.

... நன்றி.

ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தது தேவன். முருங்கைக்கீரை, நாலு கத்தரிக்காய், ஒரு வாழைப்பூ, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. எட்டு மாதம் கூறு கிடைக்காதவன் எனக்குக் கூறு கொண்டுவந்தான். "எடுத்துக்குங்கண்ணே. அக்கா போட்ட கூறு, கொறைவா இருக்காது" என்றான்.

நோட்டீஸை நான் கிழிக்கவில்லை. கிழித்தேன் என்று சொன்னால் கை தட்டுவீர்கள். ஆனால் நடந்ததைத்தான் சொல்வேன். மறந்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டில் சாப்பிட்டுப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. புஷ்பலதா சோற்றைப் போட்டுவிட்டு, "யாரு நீங்க? இந்த வீட்டு ஆம்பளை பகல்ல வர மாட்டாரே" என்றார். சாப்பிட்டேன், கூடத்திலேயே படுத்தேன், தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் சட்டை துவைக்கிற மெஷினுக்குப் போயிருந்தது. நோட்டீஸ் மாவாகி வெளியே வந்தது. இன்னொன்று தட்டச்சு செய்யலாம்தான். உட்கார்ந்து யோசித்தேன். விரல் ஓடவில்லை.

வணிகப் பெருமக்களே! நான் சாமியார் ஆகிவிடவில்லை. வியாபாரம் வேண்டாம், பணம் வேண்டாம், எல்லாரும் கடையை மூடுங்கள் என்று நான் சொன்னால், மைக்கைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். மூன்று கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. நாளைக் காலையும் நாலு மணிக்கு எழுவேன். நான் கேட்பது ஒன்றுதான். எவ்வளவு வளர்ந்தால் போதும் என்று ஒரு தடவையாவது நம்மை நாமே கேட்டிருக்கிறோமா? ஒரு சாக்கு அரிசி வாங்க வருகிறவனுக்குத் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிகிறது. ஒரு கடை வைத்திருக்கிற நமக்குத் தெரியவில்லையே! இருபத்தைந்து வருடமாக வாழை வெட்டுகிறேன். குலை தள்ளும் வரைதான் வாழை இலை விடுகிறது. குலை தள்ளியதும் ஓர் இலைகூட விடுவதில்லை. வளர்வதை நிறுத்திவிட்டுக் கொடுக்க ஆரம்பிக்கிறது; பக்கத்தில் கன்றுக்கு இடம் விடுகிறது. அந்த மரத்தை ஆயிரக்கணக்கில் வெட்டியவன், அதனிடமிருந்து இதை மட்டும் வெட்டி எடுக்கவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

நாடு வளர்கிறதாம், சந்தோஷம். வீடு வளர்கிறதா? கடை பெருக்கிறதாம், சந்தோஷம். கடைக்காரன் பிள்ளை முகத்தை எப்போது பார்த்தான்? லாரி ஓடுகிறதாம், ஓடட்டும். ஆறு ஓடுகிறதா? மண் மூச்சு விடுகிறதா? அடிபட்டவன் பெயரை அடுத்த ஞாயிறு யாராவது கூப்பிடுகிறார்களா? கூப்பிட்டால் அந்த ஊர் வாழ்கிற ஊர்! கூப்பிடாவிட்டால் அங்கே எத்தனை மாடி எழுந்தாலும், அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்றே நான் சொல்வேன்!

கை தட்டியது போதும். இருளாயி அக்கா மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுகிறார், வேன்காரர் காத்திருக்கிறார்.

மிஞ்சுகிற இலைக்கு மூன்று கடையே போதும் என்று நான்காவதை மூடினேன். நஷ்டமா என்று கேட்பீர்கள். வருமானம் குறைந்தது உண்மை. குப்பைத் தொட்டி மறுபடி ஒன்றானதும் உண்மை. இலை மறுபடி அகலமாகிவிட்டது, நாசர் பாய் கடையில் யார் மடியும் நனைவதில்லை. தேவன் தோள் கூடிவிட்டது. இந்த வருடம் வாழைக்கு அவர்தான் பொறுப்பு. தராசு கோயில் மண்டபத்தில் இருக்கிறது. அக்கா ஞாயிறுதோறும் அதில் ஏறி நிற்கிறார். இப்போது எழுபது. "கூறு சாப்பிட்டா எளைக்குது தவுக்கே, என்னை விக்காம வச்சிருந்தது நல்லதாப் போச்சு" என்கிறார்.

என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்க்கும், நடுவில் தண்ணீர் கொடுத்த அன்பருக்கும், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட சுங்கை கெனாரிக்கும், பகலில் வந்தவனுக்குச் சோறு போட்ட புஷ்பலதாவுக்கும் நன்றி. எல்லாரும் பசியாறி, பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

உட்காருமுன் ஒரு வார்த்தை. வியாபாரி பேசினால் விலை சொல்லாமல் இறங்கக் கூடாது. ஒன்பது ஏக்கரை என்ன செய்தேன் என்று தலைவர் அண்ணன் காதோடு கேட்டார். எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அக்கா என்னோடு மூன்று ஞாயிறு பேரம் பேசினார். ஈப்போ பாசாரில்கூட அப்படி ஒருவர் என்னை உரித்ததில்லை. போன வாரம் இருவரும் கையெழுத்துப் போட்டோம். நிலம் முப்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து முப்பது வருடக் குத்தகை. கூறு வைத்த பிறகு மிஞ்சுகிற இலை மட்டும் எனக்கு, அன்றைய பாசார் விலைக்கு. எனக்கு வாடகை, ஞாயிற்றுக்கு ஒரு கூறு. அதுவும் நான் நேரில் வந்து நின்று, பேர் கூப்பிட்டதும் வாயைத் திறந்து "இருக்கேன்" என்று சொன்னால் மட்டும்.